தினமும் பத்து நிமிடம்: பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் டெலிபோனும்

கணவனும் மனைவியும் பிரிந்து விட்டால் பிள்ளை யாரிடம் இருப்பது என்பது பழைய கேள்வி. பிள்ளையை விட்டுத் தூரத்தில் இருக்கும் தாயோ தகப்பனோ அதனோடு எப்படிப் பேசுவது என்பது புதிய கேள்வி.

இந்தப் புதிய கேள்விக்கு சுப்ரீம் கோர்ட்டு 2020-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி ஒரு பதில் கூறியது. அமெரிக்காவில் குடியிருந்த ஓர் இந்தியத் தம்பதியின் சிறு பெண் குழந்தையைப் பற்றிய வழக்கு அது. தாய் குழந்தையை எடுத்துக்கொண்டு இந்தியா வந்துவிட்டார். தகப்பன் ராஜஸ்தான் ஐகோர்ட்டுக்குப் போனார். வழக்கு டெல்லி வரை வந்தது.

நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்தா போஸ் இருவரும் அதில் தீர்ப்பு அளித்தார்கள். பிள்ளையை நேரில் சென்று பார்க்கும் உரிமை மட்டும் போதாது, அதனோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்றார்கள். பெற்றோர் வெவ்வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால், பிள்ளை தன்னிடம் இல்லாதவர் தினமும் ஐந்து அல்லது பத்து நிமிடம் அதனோடு பேச வழி இருக்கவேண்டும். முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பு இன்னும் நல்லது என்பது அவர்கள் கருத்து. தாய், தகப்பன் இருவருடைய அன்பையும் பெறுவது பிள்ளையின் மனித உரிமை என்றும் சொன்னார்கள்.

அமெரிக்கா சென்று வந்த குடும்பத்தின் வழக்குதானே என்று தாராவிக்காரர் இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பு அவருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது.

இரண்டு இரவு ரெயில் பயணம்

மும்பையில் ஒரு மராத்திக் குடும்பம் உடைந்தால், மனைவி தாய்வீடு போவது பெரும்பாலும் சாத்தாராவுக்கோ ரத்னகிரிக்கோ அல்லது பக்கத்துப் பேட்டைக்கோதான். தகப்பன் சனிக்கிழமை இரவு பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திங்கள் காலை வேலைக்கு வந்துவிடலாம்.

தமிழ்க் குடும்பத்தில் நிலைமை வேறு. தாய்வீடு திருநெல்வேலியில் இருக்கும். அல்லது தூத்துக்குடி, விழுப்புரம், சேலம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினால் திருநெல்வேலி போய்ச் சேர இரண்டு இரவு ஆகும். திரும்பி வரவும் அதே தூரம். தோல் பட்டறையில் நாள் கூலிக்குத் தைக்கிறவர் பிள்ளையை நான்கு மணி நேரம் பார்ப்பதற்கு ஒரு வாரக் கூலியை இழக்கவேண்டும். மாதுங்காவிலோ செம்பூரிலோ இருந்து ஆபீஸ் போகும் குமாஸ்தாவுக்குக் கூலி போகாது, லீவு போகும். வருடத்துக்கு எத்தனை முறை அப்படிப் போக முடியும்?

தூரம் பிள்ளைக்கும் பாரம்தான். 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு முடித்த ஒரு தமிழ்நாட்டு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். தாயும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் மதுரையில் இருந்தார்கள். தகப்பன் கரூரில் வைத்து ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்க்கலாம் என்று சென்னை ஐகோர்ட்டு அனுமதித்து இருந்தது. போக வர 300 கிலோ மீட்டர். இத்தனை சிறு குழந்தையை வாராவாரம் இப்படி அலைக்கழிப்பது அதன் உடம்புக்கு ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறி, சந்திப்பை மதுரைக்கே மாற்றியது. பூங்காவிலோ கோவிலிலோ, தாய் சற்றுத் தள்ளி இருக்கத் தகப்பன் பார்க்கலாம் என்று ஏற்பாடு ஆயிற்று.

300 கிலோ மீட்டரே அதிகம் என்றால், 1,500 கிலோ மீட்டருக்கு மேல் உள்ள மும்பையை என்ன சொல்வது?

அந்தக் காலத்தில் இந்தத் தூரத்தைக் கடக்க இன்லண்ட் கடிதம் ஒன்றுதான் இருந்தது. எழுதத் தெரியாதவர் அடுத்த அறைக்காரரிடம் கொடுத்து எழுதச் சொல்லுவார். மனைவியோடு சண்டை போட்டுப் பிரிந்தவர் பிள்ளைக்கு என்று தனியாக எப்படி எழுதுவது? ஐந்து வயதுப் பிள்ளைக்குப் படிக்கவும் தெரியாது. எஸ்.டி.டி. பூத்துகள் வந்த பிறகு இரவில் கட்டணம் குறையும்வரை காத்திருந்து பேசினார்கள். ஊரில் பக்கத்து வீட்டுக்கு அல்லது மளிகைக் கடைக்குப் போன் செய்து, கூப்பிட்டு வரச் சொல்லி, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் கூலிக்காரர் வீட்டிலும் வீடியோ அழைப்பு சாதாரணமாயிற்று. சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பத்து நிமிடத்துக்குக் காசு இப்போது ஒரு தடை அல்ல. தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

யாருடைய போன்?

பல உடன்படிக்கைகளில் இந்த விஷயத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: தகப்பனார் குழந்தையுடன் போனில் பேசிக்கொள்ளலாம். அவ்வளவே.

அந்த வரி வீட்டுக்குள் எப்படி நடக்கிறது என்று பார்க்கவேண்டும். தாய்வீட்டில் வாட்ஸ்அப் உள்ள நல்ல போன் ஒன்றுதான் இருக்கும். அது பிள்ளையின் தாய்மாமன் கையில் இருக்கும். மாமன் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். மும்பையில் தகப்பனின் பட்டறை இரவு ஒன்பதரைக்கு அடைக்கும். அவர் அறைக்கு வந்து கூப்பிடும்போது ஊரில் பிள்ளை தூங்கி இருக்கும். நாளை பேசலாம் என்பார்கள். மறுநாளும் அதே கதை. பத்து நாள் கழிந்ததும் வேண்டும் என்றே மறைக்கிறார்கள் என்று இவர் நினைப்பார். அகால நேரத்தில் கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கிறான் என்று அவர்கள் நினைப்பார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு அப்பாவின் குரல் மறந்துகொண்டிருக்கிறது.

போன் கிடைத்தாலும் பேச்சு கிடைப்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டு, சுற்றி ஆச்சியும் சித்தியும் உட்கார்ந்திருந்தால் ஆறு வயதுப் பையன் என்ன பேசுவான்? "சாப்பிட்டேன்", "நல்லா இருக்கேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லி ஓடிவிடுவான். அந்த இரண்டு வார்த்தையும் சொல்லிக் கொடுத்தது போல இருக்கும்.

அதைவிட மோசமானது, பிள்ளையைத் தபால்காரன் ஆக்குவது. "ஒங்க அப்பாகிட்ட ஸ்கூல் ஃபீஸ் எப்போ வரும்னு கேளு" என்று ஒரு பக்கம் சொல்லும். "ஒங்க அம்மா யாரோடெல்லாம் போன்ல பேசுறா?" என்று மறுபக்கம் விசாரிக்கும். பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் இதற்கே போய்விடும். போன் அடித்தாலே பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். பிறகு அதுவே, "பேச மாட்டேன்" என்று சொல்லும். பிள்ளையே பேச மறுக்கிறது என்று கோர்ட்டில் மனுவும் வரும்.

இப்போது இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. கணவன் மனைவி தங்களுக்குள் பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும், திருமண வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலை 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. அது தம்பதியின் பேச்சைப் பற்றிய தீர்ப்பே தவிர, பிள்ளையோடு பேசுவதைப் பற்றியது அல்ல. ஆனால் அந்தச் செய்தி பரவியதும் ஒவ்வோர் அழைப்பையும் பதிவு செய்யத் தோன்றுவது இயல்பு. மகளிடம் கதை கேட்க வேண்டிய நேரம் சாட்சி விசாரணையாகி விடும். பதிவு ஓடுகிறது என்று தெரிந்து பேசுகிற தகப்பன், மகளிடம் அல்ல, நீதிபதியிடம் பேசிக்கொண்டிருப்பார்.

நாளும் மணியும் போட்ட உத்தரவு

ஆகவே பேசும் உரிமை என்ற பெயர் மட்டும் பயன் தராது. 2020-ம் ஆண்டுத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் இதையும் சொல்லி இருக்கிறார்கள்: பிள்ளையைப் பார்ப்பது பற்றிய உத்தரவு எப்படி, எப்போது, என்ன முறையில் என்று விவரமாக இருக்கவேண்டும் என்று.

2025 ஏப்ரலில் கேரளத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அப்படி ஓர் உத்தரவு போட்டது. தகப்பனுக்கு சிங்கப்பூரில் வேலை. மாதத்தில் 15 நாள் பிள்ளைகளை அவரிடம் விடலாம் என்று ஐகோர்ட்டு சொல்லி இருந்தது. அவரும் திருவனந்தபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து வந்து போனார். ஆனால் அங்கே சமைக்க ஆள் இல்லை. ஓட்டல் சாப்பாடுதான். எட்டு வயதுப் பெண்ணுக்கு அது சரிப்படாது என்று சுப்ரீம் கோர்ட்டு அந்த ஏற்பாட்டை மாற்றியது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறில் சந்திப்பு. அதோடு வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாட்களில் 15 நிமிடம் வீடியோ அழைப்பு என்று எழுதியது.

எந்த நாள், எத்தனை நிமிடம் என்று இருந்தால் சண்டைக்கு இடம் குறைகிறது. அந்த நாளில் போன் எடுக்காவிட்டால் அது உத்தரவை மீறியது என்று காட்ட முடியும். எடுத்துவிட்டால் மற்ற நாட்களில் தொந்தரவு இல்லை என்று தாய்க்கும் நிம்மதி.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதினார்கள். உட்டா மாநிலம் 2004-ல் இணையவழிச் சந்திப்புக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அதற்கு முன்பே 2001-ல் மின்னசோட்டாவில் 'ஆவர் ஃபேமிலி விஸார்ட்' என்ற சாதனம் வந்துவிட்டது. பிரிந்த தாய் தகப்பன் இருவரும் அதில் சந்தா கட்டிச் சேரவேண்டும். பிள்ளை யாரிடம் எந்த நாளில் என்ற காலண்டர், செலவுக் கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அதிலேயே. அனுப்பிய கடிதத்தை அழிக்கவோ திருத்தவோ முடியாது. அதை மற்றவர் எப்போது திறந்து பார்த்தார் என்பதும் பதிவாகி இருக்கும். எழுதும் வார்த்தை கடுமையாக இருந்தால், அனுப்பும் முன் எச்சரிக்கிற வசதிகூட உண்டு. அங்கே பல கோர்ட்டுகள் சண்டை அதிகமுள்ள பெற்றோரை இதில் மட்டுமே பேசிக்கொள்ளச் சொல்லி உத்தரவு போடுகின்றன.

கடுஞ்சொல்லைக் கண்டுபிடிக்கும் அந்த யந்திரம் திருநெல்வேலித் தமிழை என்ன செய்யும் என்பது வேடிக்கையான கேள்வி. டாலரில் சந்தா கட்டி, ஆங்கிலத்தில் எழுதி, நம்மவர் அதை நடத்தப் போவதில்லை. ஆனால் அதன் பின்னால் உள்ள யோசனை இங்கேயும் செல்லும். பெற்றோர் தங்களுக்குள் பேசவேண்டியதை எழுத்தில், ஒரே இடத்தில் பேசுவது. பிள்ளையோடு பேசும் நேரத்தை அதிலிருந்து முழுக்கப் பிரித்து வைப்பது.

இதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும். தாய், தகப்பன் இருவர் மட்டும். அதில் பள்ளிக்கூடக் கட்டணம், காய்ச்சல், மருந்துச் சீட்டு, பரீட்சை மார்க்கு தவிர வேறு பேச்சு கிடையாது. மாமனாருக்கும் மைத்துனருக்கும் அதில் இடம் கிடையாது. பணம் அனுப்பினால் அதன் ரசீதையும் அதிலேயே போட்டுவிட்டால் பின்னால் ஜீவனாம்ச வழக்கில் அனுப்பினேன், வரவில்லை என்ற தகராறு இராது. பிள்ளையின் அழைப்புக்கு வேறு நேரம், யாருடைய போன் என்று பெயர் குறித்து, தனி இடத்தில், பதிவு செய்வதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டு. தகப்பனுக்கு இரவு ஷிப்டு என்றால் பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் முன் காலை ஏழு மணி என்று எழுதிக்கொள்ளலாம்.

பஞ்சாயத்துக் காகிதம்

எங்கே எழுதுவது? நம் ஜனங்களின் பிரிவுகளில் பல கோர்ட்டுக்கே போவதில்லை. ஊர்ப் பெரியவர்களும் சங்கத்துக்காரர்களும் உட்கார்ந்து பேசி ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் காகிதங்களில் நகை எத்தனை பவுன், சீர்ப் பாத்திரம் எத்தனை, எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவது என்றெல்லாம் விவரமாக இருக்கும். பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான்: தாயாரிடம் இருக்கும். பித்தளைக் குடத்துக்குக் கொடுத்த கவனத்தைப் பிள்ளைக்கும் கொடுக்க அந்தப் பெரியவர்களுக்கு மனமில்லாமல் இல்லை, யாரும் கேட்பதில்லை. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினாலும் அதற்குக் கோர்ட்டு உத்தரவின் பலம் கிடையாது. பிள்ளை விஷயத்தில் கடைசி வார்த்தை கோர்ட்டினுடையது. ஆனாலும் முதல் காகிதத்திலேயே நாளும் மணியும் இருந்தால் பிறகு வரும் வக்கீலுக்கும் நீதிபதிக்கும் அது உதவும்.

கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு மும்பைக் குடும்பநலக் கோர்ட்டு தூரத்தில் இல்லை. 1984-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1989-ல் தொடங்கிய அந்தக் கோர்ட்டு இப்போது பாந்திரா–குர்லா காம்ப்ளெக்ஸில், தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் இருக்கிறது. அங்கே ஆலோசகர்கள் உண்டு. பிள்ளைகள் பெற்றோரைச் சந்திப்பதற்கென்று தனி இடமும் உண்டு. ஒத்துப்போய் விவாகரத்து வாங்குகிறவர்கள் தாக்கல் செய்யும் சம்மத ஷரத்துகளில் போன் நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் அது உத்தரவின் பகுதியாகி விடும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று நிற்கவேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, மலைசாதி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஒரு சிக்கல் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் பொறுப்பைக் கேட்டு 1890-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப் போடுகிறவர், பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் போடவேண்டும். பிள்ளை திருநெல்வேலியில் என்றால் தாராவித் தகப்பன் அங்கேதான் போகவேண்டும். குடும்ப வழக்குகளை வீடியோ மூலம் விசாரிப்பது பற்றி சுப்ரீம் கோர்ட்டே 2017-ல் ஒரே வருடத்தில் இரண்டு விதமாகச் சொன்னது. மார்ச் மாதம் சரி என்றது. அக்டோபரில் மூன்று நீதிபதிகளில் இருவர், சமரசம் தோற்று இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே என்றார்கள். 2020-ல் ஊரடங்கு வந்து எல்லாக் கோர்ட்டுகளும் திரையில் நடந்தபோது அந்தத் தயக்கம் பெருமளவு கரைந்தது. அந்த ஏப்ரலில், நேரில் பார்க்க முடியாத பெற்றோர் மின்னணுத் தொடர்பு மூலம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று.

சட்டம் மட்டும் பின்தங்கி இருக்கிறது. நீதிபதி ஏ.பி.ஷா தலைமையில் சட்டக் கமிஷன் 2015 மே மாதம் கொடுத்த 257-வது அறிக்கை, பிள்ளையின் பொறுப்பை இருவருக்கும் கூட்டாகக் கொடுக்கும் முறையைச் சட்டத்தில் எழுதச் சொன்னது. நாடாளுமன்றம் அதை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. எனவே எல்லாம் ஒவ்வொரு நீதிபதியின் மனப்போக்கையும், கேட்கத் தெரிந்த கட்சிக்காரரையும் பொறுத்து நிற்கிறது.

போன் ஆகாத வீடுகள்

எல்லோருக்கும் போன் கொடு என்று சொல்லிவிடவும் முடியாது. அடி தாங்காமல் ஊருக்கு ஓடிய பெண்ணுக்கு, தினமும் அடிக்கும் போன் பழைய பயத்தைத் திரும்பக் கொண்டுவரும். பிள்ளையைக் கேட்கிற சாக்கில் அவளை மிரட்டுவதும் நடக்கும். 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அடித்தவன் அவளோடு டெலிபோன் மூலமாகக்கூடத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று தடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தகப்பன் பார்ப்பதையே 21-வது பிரிவில் மறுக்கலாம். ஆபத்து இல்லை, தாய்க்குத்தான் பயம் என்றால், தாத்தாவின் போனிலிருந்தோ பள்ளி ஆசிரியை வீட்டிலிருந்தோ அழைப்பு நடக்கும்படி எழுதலாம். அவளுடைய எண் அவனுக்குத் தெரியவேண்டியதே இல்லை.

போன், சந்திப்புக்குப் பதிலாகவும் ஆகிவிடக் கூடாது. தினமும்தான் பார்க்கிறாயே, மே மாதம் எதற்கு வரவேண்டும் என்று கேட்கத் தொடங்குவார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தச் சின்னத் திரையில் தெரிகிறவர் யார் என்று புரிய, அவர் மடியில் அது எப்போதாவது உட்கார்ந்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் பிள்ளை மும்பை வருவதா, தகப்பன் ஊருக்குப் போவதா, டிக்கெட் யார் எடுப்பது என்பதும் அதே காகிதத்தில் இருக்கவேண்டும். பிள்ளை வளர வளர இவை மாறும். இந்துத் திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, பிள்ளை பற்றிய உத்தரவுகளைக் காலத்துக்குக் காலம் மாற்றிக்கொள்ள வழி விட்டிருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளை தானாகவே போனை எடுக்கும். அப்போது செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை என்ற கணக்கெல்லாம் உதவாது. அதற்குத் தோன்றியபோது கூப்பிடும். தாராவியில் அறை மாறுகிறவர்கள், புதிய முதலாளியிடம் போகிறவர்கள், மலிவாகக் கிடைக்கிறது என்று சிம் கார்டையும் மாற்றிவிடுகிறார்கள். பழைய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் அது வேறு யாருக்கோ போய்விடும். ஊரில் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளை எழுதி வைத்திருப்பது அந்தப் பழைய எண்ணாகத்தான் இருக்கும்.